பரீட்சையும் யாழும்: இலங்கையில் தமிழ்வழிப் பௌதிகம் வளர்ந்த வரலாறு

புறக்கோட்டையிலிருந்து மருதானை நோக்கிச் செல்லும் ஒல்கொட் மாவத்தையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 1893இல் தொடங்கப்பெற்ற கல்லூரி அது. இலங்கையில் பௌதிகம் தமிழுக்கு வந்த கதையை யாழ்ப்பாணத்து மிஷனரிகளிடம் தொடங்கிக் கலைச்சொல் தொகுதிகளில் முடிப்பது வழக்கம். இக்கட்டுரை அவ்விரண்டுக்கும் நடுவே இக்கல்லூரியில் பயின்ற ஒருவரையும் நிறுத்திப் பார்க்கிறது. எந்த மொழியில் விஞ்ஞானம் கற்பிப்பது என்பதைச் சொல்வளத்தைவிடப் பரீட்சையும் பிழைப்புமே தீர்மானித்தன என்பதும், அந்த வட்டத்துக்கு வெளியே எழுந்த நூலொன்றில்தான் பௌதிகம் தமிழாய்வின் கருவியாயிற்று என்பதும் இதன் முடிபுகள்.

வட்டுக்கோட்டையும் மானிப்பாயும்

1823இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டை செமினரியில் கணிதமும் வானியலும் இயற்கை விஞ்ஞானமும் கற்பிக்கப்பட்டன. உயர்படிப்புக்கு ஆங்கிலமே வழி. அங்கு உருவான கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் ‘வீசகணிதம்’ என்ற நூலைத் தமிழில் வெளியிட்டார். அதே ஆண்டில் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றவர்கள் சமயப் பணியை விட்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்ற மனக்குறை அதற்கு ஒரு காரணம்.

இதே சிக்கலை மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் வேறு விதமாக அணுகினார். 1848இல் ஆங்கிலத்தில் தொடங்கிய வகுப்பை 1864இல் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவர் தம் ஊரிலேயே வைத்தியம் பார்ப்பார் என்பது அவர் கணக்கு. அவர் முயற்சியால் மருத்துவ நூல்களோடு 1875இல் ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூலும் தமிழில் வந்தது. பாடநூல் பிறந்தது வகுப்பின் தேவையால். 1873இல் கிறீன் தாயகம் திரும்பியபின் அந்த வகுப்பு நெடுங்காலம் நிலைக்காததால் நூல்வரிசையும் தொடரவில்லை.

மருதானை தந்த ஆய்வாளர்

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவாறே 1920இல் லண்டன் பி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். பின்னர் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைவர். அம்முயற்சியின் பயனாக 1938இல் ‘கலைச்சொற்கள்’ தொகுதி வெளிவந்தது.

எனினும், பௌதிகத்துக்கு அவர் செய்த பெரும்பணி ‘யாழ் நூல்’ என்றே கொள்ளலாம். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அந்நூல் 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. சிலப்பதிகாரம் கூறும் யாழ்களின் உறுப்பையும் இசையையும் கணித்துக் காட்டும் நூல் அது.

இதன் அடிப்படையை இன்றைய உயர்தர மாணவர் சுரமானியில் காண்பர். இழுவிசை மாறாதிருக்க, நரம்பின் நீளம் பாதியானால் மீடிறன் இரட்டிக்கும். மூன்றில் இரண்டானால் ஒன்றரை மடங்காகும். பழந்தமிழிசையின் ஏழு சுரங்களில் குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு இந்த 3:2 விகிதமே. பழந்தமிழ் மரபு குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என 22 அலகு வகுத்தது. குரலிலிருந்து இளி வரை 13 அலகு. 22 அலகையும் சமமெனக் கொண்டு கணித்தால் 13 அலகின் விகிதம் ஏறத்தாழ 1.506, பௌதிகம் தரும் 1.5க்கு மிக நெருக்கம். இளியிலிருந்து இளியாகப் பன்னிரண்டு முறை ஏறினால் 129.75 மடங்கு, ஏழு இரட்டிப்புக்கோ 128 மடங்கு. சிறிய இந்த இடைவெளியைப் பகிர்ந்துகொள்வதே உலக இசைமரபுகள் பலவற்றின் நெடுங்காலச் சிக்கல்.

சுதேச மொழிக் கல்வி

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. அங்கே ஏ. டபிள்யூ. மயில்வாகனம் பௌதிகப் பேராசிரியராகவும், கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் பயின்ற சி. ஜே. எலியேசர் கணிதப் பேராசிரியராகவும் விளங்கினர். ஏற்றம் கொண்ட துகள் கதிர்வீசும்போது அதன் இயக்கம் எப்படி மாறும் என்பதை எலியேசர் 1943இல் ஆராய்ந்தார். டிராக்கின் சமன்பாட்டின்படி, புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் செல்லும் இலத்திரன் அதில் மோதாமல் திரும்பிவிடும் என்ற வியப்பான முடிவு அவருடையது. இவ்வுயராய்வு முழுவதும் ஆங்கிலத்திலேயே நடந்தது.

1945இன் இலவசக் கல்வியும் அதைத் தொடர்ந்த தாய்மொழிக் கல்வியும் பள்ளி விஞ்ஞானத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தன. அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாடு தன் வழியே வேறு சொற்களைத் தேர்ந்தது. அதனால் அங்கே முடுக்கம் எனப்படுவது இங்கே ஆர்முடுகல். அங்கே திணிவைக் குறிக்கும் நிறை இங்கே புவியீர்ப்பு விசையைக் குறிக்கும். செட்டியார் தெருப் புத்தகசாலையில் தமிழ்நாட்டுக் கையேடு வாங்கும் கொழும்பு மாணவருக்கு இது வெறும் சொல்வேறுபாடன்று. விடையே பிழைக்கக்கூடிய இடம்.

முடிவுரை

இன்று உயர்தரப் பௌதிகவியலைத் தமிழில் எழுதலாம். பல்கலைக்கழகத்தில் அதே பாடம் ஆங்கிலத்தில் தொடர்கிறது. ஆகவே தமிழ்வழிப் பௌதிகம் பரீட்சை முடியும் இடத்தில் முடிகிறது. ‘யாழ் நூல்’ பரீட்சைக்காக எழுந்ததன்று. தமிழில் எழுந்த வினாவுக்குப் பௌதிகத்தால் விடை தேடியது. அதனால்தான் பாடத்திட்டம் மாறியும் அதன் கேள்விகள் பழசாகவில்லை. அலைகள் பற்றிய அலகில் குரல்–இளி விகிதத்தைச் சுரமானியில் அளக்கும் ஒரு பரிசோதனையைச் சேர்க்கப் புதிய கலைச்சொல் எதுவும் வேண்டியதில்லை.