இருபத்தாறாம் மைலில் ஒரு நடுகல்

வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் பெருமையையும் அதில் பொறித்து வைத்த மரபு தமிழருடையது. அந்தக் கற்களில் பெரும்பாலானவை பேரரசர்களுக்காக நடப்பட்டவை அல்ல. கவர்ந்து செல்லப்பட்ட ஊர்க் கால்நடைகளை மீட்கச் சென்று உயிர் நீத்த எளியவர்களுக்காக நடப்பட்டவை. அயர்லாந்துக் கடலின் நடுவே அமைந்துள்ள மேன் தீவில், மலைச்சாலை ஒன்றின் 26-ஆவது மைலுக்கு ஒரு மனிதரின் பெயர் சூட்டப்பட்டிருப்பதை அறிந்தபோது எனக்கு நம் நடுகற்களே நினைவுக்கு வந்தன. 'ஜோயி' என்பதே அந்தப் பெயர்.

மோட்டார் சைக்கிள் பந்தயங்களை விரும்பிப் பார்ப்பவன் அல்லன் நான். 2014-இல் வெளிவந்த 'ரோடு' என்ற ஆவணப்படமே ஜோயி டன்லப் என்னும் வீரரை எனக்கு அறிமுகப்படுத்தியது. வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில், பாலிமனி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர் அவர். பிறந்தது 1952-இல், இறந்தது 2000-ஆம் ஆண்டு ஜூலை 2-இல். கால் நூற்றாண்டு கடந்துவிட்ட பிறகும் அவருடைய நினைவிடங்களுக்கு ரசிகர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். உலகில் எத்தனையோ வெற்றி வீரர்கள் மறக்கப்பட்டுவிட்ட நிலையில், இவர் மட்டும் ஏன் இப்படி நினைக்கப்படுகிறார் என்பது சிந்திக்கத்தக்க வினா.

முதலில் அவர் ஓட்டிய களத்தைப் பார்ப்போம். பொதுச்சாலைகளில் பந்தயம் நடத்த பிரிட்டனின் சட்டம் இடம் தராத காலத்தில், தனக்கெனச் சொந்த நாடாளுமன்றம் கொண்ட மேன் தீவு அதற்கு அனுமதி அளித்தது. அவ்வாறு 1907-இல் தொடங்கியதே 'டூரிஸ்ட் டிராபி' எனப்படும் டி.டி. பந்தயம். 1911 முதல் அது மலைச்சாலையில் நடைபெறுகிறது. ஒரு சுற்றின் நீளம் ஏறத்தாழ 60 கி.மீ.; அதில் 200-க்கும் மேற்பட்ட வளைவுகள் உள்ளன. சாலையின் இருபுறமும் கல் சுவர்கள், விளக்குக் கம்பங்கள், வீட்டு வாசல்கள். வீரர்கள் ஒன்றாகப் புறப்படாமல், பத்து விநாடி இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராகச் செல்கிறார்கள். ஆகவே அங்கே எதிராளி மற்றொரு வீரர் அல்லர், கடிகாரமும் சாலையுமே.

இந்தக் களத்தில் 1977 முதல் 2000 வரை 26 முறை வென்றவர் ஜோயி. 1985, 1988, 2000 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஒரே வாரத்தில் மும்முறை வெற்றி கண்டார். 1982 முதல் 1986 வரை தொடர்ந்து ஐந்து முறை 'டி.டி. ஃபார்முலா ஒன்' பிரிவின் உலக வாகையராக இருந்தார். மைக் ஹெயில்வுட்டின் 14 டி.டி. வெற்றிகள் என்ற சாதனையை 1992-இல் சமன் செய்து, 1993-இல் கடந்தார். 1998-இல், சில வாரங்களுக்கு முன் நேர்ந்த விபத்தில் எலும்பு முறிந்து, விரலின் ஒரு பகுதியையும் இழந்திருந்த நிலையில், கொட்டும் மழையில் 250 சி.சி. பந்தயத்தை வென்றார்.

எனினும் மக்கள் அவரை நேசித்ததற்கு இந்த எண்ணிக்கைகள் மட்டுமே காரணம் அல்ல. அவர் கூச்ச சுபாவம் கொண்டவர். மேடைப் பேச்சு வராது. தம் வண்டியின் எஞ்சினைத் தாமே பிரித்துச் சீர்செய்வார். ஊரில் ஒரு மதுக்கூடம் நடத்தினார். ஹோண்டா போன்ற பெருநிறுவனத்தின் வீரராக இருந்தபோதும் கைகளில் எண்ணெய்க் கறை படிந்த ஊர்க்காரராகவே வாழ்ந்தார். 1985-இல் பந்தயத்துக்காக அவரும் நண்பர்களும் மேன் தீவுக்குப் புறப்பட்ட மீன்பிடிப் படகு ஸ்ட்ராங்ஃபோர்டு கழிமுகத்தில் மூழ்கியது. அனைவரும் உயிருடன் மீட்கப்பட்டனர். அவர் எதுவும் நடவாதது போலத் தீவுக்குச் சென்று மூன்று பந்தயங்களை வென்று திரும்பினார். 'யெர் மான்' என்று அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'அந்த ஆள்' என்பது அதன் நேர்ப்பொருள். 'நம்ம ஆள்' என்பதே அதன் உள்ளுறை.

அந்த 'நம்ம' என்ற சொல்லுக்கு வட அயர்லாந்தில் தனி எடை உண்டு. கத்தோலிக்கர் என்றும் புராட்டஸ்டன்டுகள் என்றும் பிளவுபட்டு, 1960-களின் இறுதியிலிருந்து முப்பது ஆண்டுகள் ரத்தம் சிந்திய மண் அது. 3,500-க்கும் மேற்பட்டோர் அந்த மோதலில் மாண்டனர். 1998 ஏப்ரலில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் பகை அடங்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில், ஜோயியின் சொந்த ஊரான பாலிமனியில், மதப்பகையால் ஒரு வீட்டின் மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டதில் உறங்கிக்கொண்டிருந்த சகோதரர்கள் மூவர் கருகி இறந்தனர். அவர்களுள் மூத்தவனுக்கு வயது பத்து.

இரண்டு ஆண்டுகள் கழித்து, மற்றொரு ஜூலையில், அதே பாலிமனிக்கு ஏறத்தாழ 50,000 பேர் வந்தனர். ஜோயியின் இறுதி ஊர்வலத்துக்கு வந்த கூட்டம் அது. ஊரின் மக்கள்தொகையைப் போல அது ஐந்து மடங்கு. புராட்டஸ்டன்டு தேவாலயத்தில் நடைபெற்ற அந்தச் சடங்குக்கு இரு சமயத்தவரும் வந்தார்கள். கடல் கடந்தும் வந்தார்கள். ஒரு சவப்பெட்டியின் பின்னே அந்த மக்கள் கட்சி கட்டாமல் நடந்தது அவ்வளவு எளிதாக நிகழக்கூடியதன்று. அரசியல் தலைவர்கள் தாளில் எழுதிய இணக்கத்தை அன்று ஒரு நாளாவது சாலையில் கண்ணால் காண முடிந்தது.

இதற்கான காரணத்தை அவருடைய வேனில் தேட வேண்டும். பந்தயங்களுக்குத் தம் வண்டிகளை ஏற்றிச் சென்ற ஜோயி, பந்தயம் இல்லாத காலங்களில் வேனில் உணவும் உடையும் நிரப்பி ருமேனியா, போஸ்னியா, அல்பேனியா ஆகிய நாடுகளின் ஆதரவற்ற குழந்தைகள் இல்லங்களுக்கு ஓட்டிச் சென்றார். பெரும்பாலும் தனியாகவே சென்றார். நிருபர்களை உடன் அழைத்துச் செல்லவில்லை. விளையாட்டுக்காக 1986-இல் அவருக்கு எம்.பி.இ. விருது வழங்கிய பிரிட்டிஷ் அரசு, 1996-இல் இந்த மனிதநேயப் பணிக்காக ஓ.பி.இ. விருது வழங்கியது.

அவருடைய முடிவும் பந்தயச் சாலையிலேயே நேர்ந்தது. 2000 ஜூன் மாதத்தில், 48-ஆம் வயதில், மேன் தீவில் மூன்று பந்தயங்களை வென்றார். ஃபார்முலா ஒன் பிரிவில் 12 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த வெற்றியும் அதில் அடங்கும். அந்த ஆரவாரம் அடங்கும் முன்னரே எஸ்டோனியாவின் டாலின் நகருக்குச் சென்றார். அங்கே மழையில் நனைந்த காட்டுச் சாலையில் 125 சி.சி. பந்தயத்தில் முன்னணியில் சென்றுகொண்டிருந்தபோது வண்டி கட்டுப்பாட்டை இழந்து மரங்களில் மோதியது. அந்த இடத்திலேயே உயிர் பிரிந்தது.

அவரது நினைவைப் பற்றி எழுதும் பலரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். 'விரும்பியதைச் செய்துகொண்டே இறந்தார்' என்ற ஆறுதல் மொழி அதன்பின் வந்துவிடுகிறது. எனக்கு அந்த மொழியில் உடன்பாடு இல்லை.

ஏனெனில் கதை அங்கே முடியவில்லை. ஜோயியின் தம்பி ராபர்ட் டன்லப்பும் பந்தய வீரர். 2008 மே மாதத்தில் வட அயர்லாந்தின் 'நார்த் வெஸ்ட் 200' பந்தயப் பயிற்சியின்போது அவர் விபத்தில் இறந்தார். இரண்டு நாள் கழித்து, அதே களத்தில், ராபர்ட்டின் மகன் மைக்கேல் டன்லப் 250 சி.சி. பந்தயத்தில் இறங்கி வென்றார். மைக்கேலின் அண்ணன் வில்லியம் 2018 ஜூலையில் அயர்லாந்தின் ஸ்கெரீஸ் பந்தயப் பயிற்சியில் உயிரிழந்தார். ஒரே குடும்பத்தில் மூன்று உயிர்கள். மேன் தீவின் மலைச்சாலை மட்டும் இதுவரை 250-க்கும் மேற்பட்ட போட்டியாளர்களைப் பலி கொண்டிருக்கிறது. 2022-ஆம் ஆண்டு டி.டி. விபத்துகளில் மட்டும் ஆறு பேர் மாண்டனர். அவர்களுள் இருவர் ஒரே வண்டியில் சென்ற தந்தையும் மகனும்.

இதை முன்பே கண்டு விலகியவர்களும் உண்டு. 1972-இல் இத்தாலிய வீரர் கில்பர்டோ பர்லோட்டி மேன் தீவில் இறந்தபின், அக்காலத்தின் பெரும் வாகையரான ஜியாகோமோ அகோஸ்தினி அங்கே இனி ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தார். மற்ற முன்னணி வீரர்களும் ஒதுங்கவே, 1976-க்குப் பின் டி.டி. உலகச் சாம்பியன்ஷிப் தகுதியை இழந்தது. ஜோயியின் முதல் வெற்றி அதற்கு அடுத்த ஆண்டில் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது. பிறர் கைவிட்ட களத்தையே அவர் தம் களமாக்கிக்கொண்டார்.

அப்படியானால் ரசிகர்களின் அன்பு பிழையா? மரணத்தை அழகாக்கி, அடுத்த தலைமுறையை அதே சாலைக்கு அனுப்பி வைப்பது அந்த அன்புதானா? இக்கேள்வியை நான் எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. வீரர்கள் தெரிந்தே வருகிறார்கள், யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. ஆனால் கைதட்டும் கூட்டமும் அந்தத் தெரிவின் ஒரு பகுதி என்பதும் உண்மை. வேலியோரம் அமர்ந்து பார்க்கும் ரசிகர் வெறும் பார்வையாளர் அல்லர்.

அதே வேளையில், ஜோயியின் ரசிகர்கள் அவர் நினைவைக் கொண்டு என்ன செய்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பாலிமனியில் ஒரு நினைவுப் பூங்கா உள்ளது. மேன் தீவின் மலைமீது, வண்டியில் அமர்ந்த நிலையில் அவருடைய வெண்கலச் சிலை சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. இவற்றுக்கும் மேலாக, அவர் பெயரிலான அறக்கட்டளை, மாற்றுத்திறனாளிகள் மேன் தீவுக்கு வந்து தங்குவதற்கான விடுதி ஒன்றை நடத்துகிறது. சிலையைவிட இந்த விடுதியே அவருக்குப் பொருத்தமான நினைவு என்பேன். அந்த வேன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது சான்று.

2024 ஜூன் மாதம், மைக்கேல் டன்லப் தம் பெரியப்பாவின் 26 வெற்றிகளைச் சமன் செய்து, அதே வாரத்தில் கடந்தும் சென்றார். 24 ஆண்டுகள் அசையாதிருந்த சாதனை, வெளியார் கைக்குப் போகாமல் அதே குடும்பத்தினர் ஒருவரிடமே சென்றது. ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் பெரியப்பாவையும் தந்தையையும் அண்ணனையும் இதே விளையாட்டுக்குக் கொடுத்த ஒருவர் வெற்றி மேடையில் நிற்பதை, கலக்கமின்றி யாரால் பார்க்க முடியும்?

நம் நடுகற்களில் ஒரு நேர்மை உண்டு. செங்கம் பகுதிக் கல்வெட்டுகளைப் பாருங்கள்: எந்த மன்னன் ஆட்சியில், எந்தப் பூசலில், இன்னார் மகன் இன்னான் 'பட்டான்' என்று முடிகின்றன. 'பட்டான்' என்றால் வீழ்ந்தான். வீரத்தைச் சொன்ன அதே கல் வீழ்ந்ததையும் மறைக்காமல் சொன்னது. ஜோயி டன்லப்பை நினைப்பவர்களுக்கும் அந்த நேர்மை வேண்டும். 26 வெற்றிகளையும் அந்த வேனையும் பிளவுபட்ட மக்களை ஒருநாள் ஒன்றாக நடக்கவைத்ததையும் சொல்லுங்கள். டாலின் காட்டின் ஈரச் சாலையையும் உடன் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டுப் போற்றுவது, அடுத்து அந்தச் சாலையில் இறங்கும் இளைஞனுக்குச் செய்யும் துரோகம்.