குழந்தைகளின் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்: கதிர்வீச்சு எப்போது?

குழந்தையின் காதடி வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்றே வீட்டில் நினைப்பார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். வலியின்றி, கெட்டியாக, மாதக்கணக்கில் மெல்ல வளரும் முடிச்சைத்தான் அப்படி விட்டுவிடக் கூடாது. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் நூற்றுக்கு 5க்கும் குறைவானவையே குழந்தைகளுக்கு வருகின்றன. கைக்குழந்தைகளிடம் அதிகம் காண்பது இரத்தக்குழாய்க் கட்டி. அதைக் கரைக்க புரோப்ரனலால் என்ற மருந்து உதவும் என்று பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 2008இல் தெரிவித்தபின், அதற்குக் கத்தி வைக்கும் தேவை வெகுவாகக் குறைந்தது. வளர்ந்த பிள்ளைகளிடம் தோன்றும் திடக்கட்டியின் கதை வேறு. அது புற்றாக இருக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். ஏறத்தாழப் பாதி என்றே பல மருத்துவமனைத் தொகுப்புகள் காட்டுகின்றன. அவற்றில் முதலிடம் ம்யூகோஎபிடெர்மாய்ட் கார்சினோமாவுக்கு. ஆறுதலான செய்தி, அது பெரும்பாலும் வீரியம் குறைந்த அல்லது நடுத்தர வகையாக இருப்பதுதான்.

இத்தகைய கட்டியை விளிம்பில் புற்று செல் மிஞ்சாமல், முகநரம்பைக் காத்து முழுவதும் எடுத்துவிட்டால், அதுவே சிகிச்சை. கதிர்வீச்சைப் பழக்கத்தால் சேர்க்கக் கூடாது. முகநரம்பு காதடி உமிழ்நீர்ச் சுரப்பியின் ஊடே செல்கிறது. சிறு குழந்தைக்குக் காதின் பின்னுள்ள எலும்புமுனை வளர்ந்திராததால் அந்த நரம்பு தோலுக்கு மிக அருகில் கிடக்கிறது. எனவே இந்த அறுவையில் பழகிய கை வேண்டும். கதிர்வீச்சோ வளரும் தாடையைக் குறுக்கும், பற்களைக் கெடுக்கும், வாயை உலர்த்தும். அதைவிடக் கனமான காரணம், இந்தப் புற்றை உண்டாக்குவதிலேயே கதிர்வீச்சுக்குப் பங்கு உண்டு என்பது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களிடமும், தலையில் வந்த படர்தாமரைக்காகச் சிறுவயதில் இஸ்ரேலில் கதிர்வீச்சு பெற்றவர்களிடமும், இரத்தப் புற்று சிகிச்சையில் கதிர்வீச்சு பெற்று மீண்ட பிள்ளைகளிடமும் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள் கூடுதலாகக் காணப்பட்டன. எண்பது வயது வரை வாழவேண்டிய பிள்ளைக்கு இந்தக் கணக்கைப் போட்டே ஆகவேண்டும்.

நோய் திரும்பினால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. வீரியம் மிகுந்த கட்டி, நரம்பைச் சுற்றிப் பரவும் அடினாய்ட் சிஸ்டிக் வகை, மறுபடி அறுத்தும் விளிம்பில் எஞ்சிய புற்று ஆகியவற்றுக்குக் கதிர்வீச்சு தேவைப்படலாம்; அப்போது அருகிலுள்ள திசுவைக் கூடியவரை விட்டுவைக்கும் புரோட்டான் கதிர் நல்ல தேர்வு. நோயாளிகள் மிகக் குறைவு, ஆகவே சான்று வலுவற்றது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் குறை கதிர்வீச்சு கொடுக்கச் சொல்பவருக்கும் சேர்த்துத்தான். கையிலிருக்கும் தொகுப்புகளில் வீரியம் குறைந்த கட்டியை முழுமையாக அகற்றிய பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாக வாழ்கிறார்கள். நெடுநாள் கழித்தும் நோய் திரும்பக்கூடும் என்பதால், பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதிப்பதே அந்த அச்சத்துக்குப் பொருத்தமான விடை. 2010இல் தனி வகையாக அடையாளம் காணப்பட்ட சுரப்புக் கார்சினோமாவில் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. அதன் செல்களில் பெரும்பாலும் என்டிஆர்கே3 மரபணு வேறொன்றோடு இணைந்திருக்கும். அந்த இணைப்பைக் குறிவைக்கும் லாரோட்ரெக்டினிப் மருந்தை 2018இல் அமெரிக்கா குழந்தைகளுக்கும் அனுமதித்தது. முகநரம்பை வெட்டாமல் எடுக்க முடியாத கட்டி என்றால், கத்தியை எடுக்கும் முன்பே திசுவில் அந்த மரபணுச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.