மணலை வென்றவர்கள் முதலில் டயரின் காற்றைத்தான் இறக்கினார்கள்



எமது பகுதி இளைஞர்களுக்கு ஃபோர் வீல் வாகனங்களின் மீது ஆசை கூடிவருகிறது. பெரிய டயர் போட்டு, பொடியை உயர்த்தி, முன்னால் வின்ச் பூட்டி, பக்கத்தில் ஸ்னோர்கல் குழாயும் வைத்து, கடற்கரை மணலிலும் வயல் பாதையிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்த ஆசையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்த வித்தைக்கு ஏறக்குறைய நூறு வருட வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் வாகனமும் தப்பும், உயிரும் தப்பும் என்பதால் எழுதுகிறோம்.

வரலாறு தொடங்குவது எகிப்துக்கும் லிபியாவுக்கும் இடைப்பட்ட பாலைவனத்தில். அஸ்ஹர் அறிஞர் ஒருவரின் மகனான அஹ்மத் ஹஸனைன் 1923ஆம் ஆண்டு ஒட்டகங்களோடு புறப்பட்டு, குஃப்ரா பாலைவனச் சோலையைக் கடந்து, வரைபடத்தில் அதுவரை இல்லாத உவைனாத் மலையை அடைந்து, சூடான் வரை போனார். மொத்தம் சுமார் 3,500 கிலோமீற்றர். ஒட்டகத்தின் பாதம் அகலமானது, மெத்தென்றிருப்பது. மிதிக்கும்போது விரிந்து, பாரத்தைப் பரப்பிவிடும். அதனால்தான் அது மணலில் புதைவதில்லை. பிறகு வந்த மோட்டார்க்காரர்கள் எல்லோரும் கடைசியில் இந்தப் பாதத்திடம்தான் பாடம் படித்தார்கள்.

அடுத்து எகிப்திய இளவரசர் கமாலுத்தீன் ஹுஸைன், பின்சில்லுகளுக்குப் பதிலாக இறப்பர் பட்டி பூட்டிய சிட்ரோவன் வாகனங்களில் அதே பாலைவனத்துக்குள் போனார். அங்கிருந்த பெரும் பாறை மேட்டுக்கு 1926இல் 'அல்-கில்ஃப் அல்-கபீர்' என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

அதே காலத்தில் எகிப்தில் பணிபுரிந்த பிரித்தானிய இராணுவ அதிகாரி ரால்ஃப் பாக்னோல்ட், தம் நண்பர்களோடு சாதாரண ஃபோர்ட் கார்களை மணலுக்குள் ஓட்டினார். அவை ஃபோர் வீல் அல்ல. இரண்டு சில்லு மட்டும் இழுக்கும் கார்கள். அவற்றில் அவர் செய்த மாற்றங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, தேவையில்லாத பாரத்தைக் கழற்றி எறிந்தார். மட்காட், பொனட் எல்லாம் போயின.

இரண்டாவது, டயரின் காற்றைக் குறைத்தார். காற்று குறைந்த டயர் நிலத்தில் அகலமாகவும் நீளமாகவும் படியும். ஒட்டகப் பாதம் செய்யும் அதே வேலை.

மூன்றாவது, ரேடியேட்டரில் கொதித்து வெளியேறும் நீராவியை ஒரு குழாய் மூலம் தண்ணீர் உள்ள தகர டின்னுக்குள் விட்டார். ஆவி அங்கே குளிர்ந்து தண்ணீராகும். எஞ்சின் சூடு தணிந்ததும் அந்தத் தண்ணீர் திரும்ப ரேடியேட்டருக்கே உறிஞ்சப்படும். பாலைவனத்தில் ஒரு சொட்டும் வீணாகவில்லை.

நான்காவது, நீண்ட இரும்புத் தகடுகளைக் கூடவே கொண்டுபோனார். சில்லு புதைந்தால் அக்சிலேட்டரை மிதிக்கக்கூடாது, சுழலச் சுழல இன்னும் ஆழமாகத்தான் போகும். உடனே நிறுத்தி, சில்லுக்கு முன்னால் மணலைத் தோண்டி, தகட்டை வைத்து, எல்லோருமாகத் தள்ளுவார்கள்.

வாகனத்தின் இரும்பு காந்தத் திசைகாட்டியைக் குழப்பும் என்பதால், ஊசியின் நிழல் விழும் இடத்தைப் பார்த்துத் திசை அறியும் சூரியத் திசைகாட்டியையும் பயன்படுத்தினார். நிழலை அளந்து அஸர் நேரத்தைக் கணித்த சமூகம் நாம். இதன் அருமை நமக்குப் புரியும்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும், 1940 ஜூலையில் இதே பாக்னோல்ட் நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவை உருவாக்கினார். முதலில் சேர்ந்தவர்கள் நியூசிலாந்து வீரர்கள். செவ்ரோலே லொறிகளின் கதவுகளையும் கூரையையும் நீக்கி, ஸ்பிரிங்குகளைப் பலப்படுத்தி, அதே தகர டின்னையும் பூட்டிக்கொண்டார்கள்.

ஜீப் பிறந்ததும் அதே 1940இல்தான். அமெரிக்க இராணுவம் கேட்டபடி 49 நாட்களுக்குள் முதல் மாதிரி வாகனத்தைச் செய்து, செப்டம்பர் 23ஆம் திகதி ஒப்படைத்தது பாண்டம் என்ற சிறிய நிறுவனம். ஆனால் பெரும் உற்பத்தி வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. வில்லிஸ் ஜீப்பின் எஞ்சின் 60 குதிரை வலு மட்டுமே. நான்கு சில்லுக்கும் இழுவை கொடுக்கும் ஒரு நெம்புகோல், வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கி இழுவையை இரட்டிப்பாக்கும் இன்னொரு நெம்புகோல், அத்தோடு குறைந்த எடை. ஜீப்பின் இரகசியம் இவ்வளவுதான். அந்த ஜீப்புகள் பாலைவனத்துக்கு வந்தபோது, வீரர்கள் காற்றோட்டத்துக்காக முன் கிறில் கம்பிகளை வெட்டி, அதற்கும் தகர டின் பூட்டினார்கள்.

இந்த மனிதர்கள் யாரும் வலுவைக் கூட்டி மணலை ஜெயிக்கவில்லை. நிலம் என்ன கேட்கிறது என்று பார்த்து வாகனத்தை மாற்றினார்கள். நிலம் விடாத இடத்தில் திரும்பி வந்து வேறு வழி தேடினார்கள்.

இப்போது எமது ஊருக்கு வருவோம். இங்கே பாலைவனம் இல்லை. மாரியில் வெள்ளம் இருக்கிறது. நான்கு சில்லும் இழுக்க வேண்டுமென்றால் வாகனத்தின் பாரம் அவற்றை நிலத்தில் அழுத்த வேண்டும். தண்ணீரோ அந்தப் பாரத்தையே தூக்கிவிடும். வாகனம் ஒரு கன மீற்றர் தண்ணீரை விலக்கினால், 1,000 கிலோ பாரம் குறைந்ததற்குச் சமம். ஒரு வில்லிஸ் ஜீப்பின் எடையே சுமார் 1,100 கிலோதான். காற்று நிரம்பிய பெரிய டயர் மிதப்பை இன்னும் கூட்டும். உயர்த்திய பொடி சீக்கிரம் சரியும். வெள்ளத்தின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஸ்னோர்கல் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் காக்கும், உள்ளே இருப்பவர்களைக் காக்காது.

2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் நடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. வீடு திரும்பிய மதரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் அள்ளியது. பாரமான வாகனம், பெரிய சில்லு, எதுவும் அந்தத் தண்ணீருக்கு முன்னால் நிற்கவில்லை. அல்லாஹ் அந்தப் பிள்ளைகளைப் பொருந்திக்கொள்வானாக.

ஃபோர் வீல் வைத்திருக்கும் தம்பிமாரே, வெள்ளக் காலத்தில் ஊர் உங்களைத்தான் தேடும். சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோக, நோயாளியை ஏற்ற உங்கள் வாகனம் வேண்டும். அப்போது வீதியின் மேலால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் இறங்காதீர்கள். யார் அவசரப்படுத்தினாலும் நிறுத்துங்கள். படகு வரட்டும், அல்லது தண்ணீர் வடியட்டும்.

இந்த மாரிக்கு முன்னர் இதை உங்கள் நண்பர்களுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.