மானுக்கு எந்தக் குண்டு? மனுசனுக்கு எந்தக் குண்டு?

1/
அமெரிக்காவில் எல்க் மான் வேட்டைக்குப் போறவங்க வருசக்கணக்கா வாதாடுற ஒரு கேள்வி இருக்கு: எந்த காலிபர் துப்பாக்கி எடுத்துட்டுப் போறது? விழுப்புரத்துல உக்காந்துட்டு நமக்கெதுக்கு இதுன்னு தோணும். ஆனா இதே கேள்வி நம்ம பக்கமும் நூறு வருசத்துக்கு மேல ஓடியிருக்கு. இங்க பதில் சொன்னது மானோட எடை இல்லை, அரசாங்கத்தோட பயம். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
இலங்கையில இருந்த வெள்ளைக்காரங்க "எல்க்"னு சொன்னது நம்ம கடமானைத்தான். அங்க தமிழ்ல மரை, நம்ம தென்கோடியில மிளா. 1848-ல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்களை விட்டு மரையை விரட்டி, கடைசியில கத்தியால குத்திக் கொல்வார். யானைக்கு மட்டும் பெரிய துப்பாக்கி. அவரிடம் இருந்த ஒண்ணு 21 பவுண்டு, அதாவது சுமார் ஒன்பதரை கிலோ!

3/
அந்தக் காலத்துல அளவு சொல்றது "போர்" கணக்குல. ஒரு பவுண்டு ஈயத்துல எத்தனை உருண்டை பிடிக்க முடியுதோ அதுதான் நம்பர். 12 போர்னா 12 உருண்டை. 4 போர்னா நாலே உருண்டை. நம்பர் குறையக் குறைய குண்டு பெருசு. அப்போ வேகம் கம்மி, அதனால எடையைக் கூட்டித்தான் பலம்.

4/
19-ம் நூற்றாண்டு கடைசியில புகையில்லா வெடிமருந்து வந்ததும் கணக்கு மாறிடுச்சு. பத்தாவது பிசிக்ஸ் தாண்டினவங்களுக்குத் தெரியும்: எடை இரண்டு மடங்கானா ஆற்றல் இரண்டு மடங்கு, வேகம் இரண்டு மடங்கானா ஆற்றல் நாலு மடங்கு. காலிபர்ங்கிறது குழலோட விட்டம். .303 அங்குலம்னா 7.7 மில்லிமீட்டர். நம்ம போலீஸ் ரொம்ப காலம் தூக்கிட்டு அலைஞ்ச "த்ரீ நாட் த்ரீ" இதுதான்.

5/
ஆனா ஒரு டாக்டரா சொல்றேன், ஆற்றல் குண்டுல இருந்தா போதாது. அது சதைக்குள்ள இறங்கணும். முழுசா உலோக உறை போட்ட குண்டு சில சமயம் சின்ன ஓட்டை போட்டுட்டு மறுபக்கம் போயிடும். 1895 சித்ரால் சண்டையில, குண்டு பட்டும் எதிரிங்க ஓடி வந்துட்டே இருக்காங்கன்னு பிரிட்டிஷ் சிப்பாய்ங்க புகார் சொன்னாங்க. தீர்வு எங்க பிறந்தது தெரியுமா? கல்கத்தா பக்கத்துல டம் டம் ஆயுத ஆலையில. குண்டு நுனியில உறையை எடுத்துட்டு ஈயத்தைத் திறந்து விட்டாங்க. உள்ள போனதும் காளான் மாதிரி விரியும். உலகமே சொல்ற "டம்டம் புல்லட்" நம்ம நாட்டு ஊர்ப் பெயர்.

6/
இங்க ரெண்டு சர்ஜன்கள் வர்றாங்க. ஜெர்மனியில் டூபிங்கன் பேராசிரியர் புரூன்ஸ் சுட்டுப் பார்த்து, இது கொடூரமான காயம்னு எழுதினார். ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1898-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மறுத்தார்: நீங்க சோதிச்சது டம்டம் இல்லை, ஈயம் நிறைய வெளிய தெரியுற வேட்டைக் குண்டு! இந்த ஆக்ஸ்டன் யாரு? சீழுக்குள்ள ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியைக் கண்டுபிடிச்ச அதே மனுசன்.

7/
1899 ஹேக் மாநாட்டுல, போரில் விரியும் குண்டு கூடாதுன்னு பிரகடனம் வந்துச்சு. பிரிட்டன் அப்போ சேரல. 1907-ல்தான் சேர்ந்துச்சு.

ஆனா வேட்டையில விதி அப்படியே தலைகீழ். கொலராடோ மாநிலத்துல எல்க் சுட குறைந்தது .24 காலிபர் வேணும், குண்டு கட்டாயம் விரியணும். ஏன்னா ஓட்டை மட்டும் விழுந்த மான் காட்டுக்குள்ள ஓடிப் போய், புண் அழுகி நாள்கணக்கா சாகும். மனுசனுக்குக் கொடூரம்னு தடை செஞ்ச அதே குண்டு, மானுக்குக் கருணை. யோசிச்சுப் பாருங்க.

8/
அதே 1907-ல் இன்னொண்ணு நடந்துச்சு. .450 காலிபர் ரைஃபிளும் குண்டும் இந்தியாவுக்குள்ள வரக்கூடாதுன்னு தடை. காரணம், பழைய ராணுவ மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியும் அதே விட்டம். கலகக்காரங்க கையில குண்டு கிடைச்சுடுமோன்னு பயம். உடனே லண்டன் கம்பெனிங்க .465, .470, .475னு தடையைத் தாண்டி ஒரு நூல் பெருசா செஞ்சு வித்தாங்க.

.303-ம் ராணுவக் குண்டு, அதனால பொதுமக்களுக்கு இல்லை. அந்த இடத்துக்கு வந்தது .315. வேடிக்கை என்னன்னா அது ஆஸ்திரியா ராணுவத்தோட குண்டு! இன்னைக்கும் லைசென்ஸ்ல நம்ம அரசு ஆலை விக்கிறது .315 தான்.

9/
சேலம், தர்மபுரி காடுகள்ல ஆட்கொல்லிகளைச் சுட்ட கென்னத் ஆண்டர்சன் கையில இருந்தது .405 வின்செஸ்டர். நீலகிரியில 1879-லேயே வேட்டை விலங்குகளுக்குத் தனிச் சட்டம். எப்போ சுடலாம், எப்போ சுடக்கூடாதுன்னு எல்லாம் இருந்துச்சு. ஆனா 1878 ஆயுதச் சட்டம் இந்தியருக்கு லைசென்ஸ் கேட்டுச்சு, ஐரோப்பியருக்கு விலக்கு கொடுத்துச்சு. காலிபர் தேர்வு யாருக்கு இருந்துச்சுன்னு இப்போ புரியுதா?

10/
நம்ம மலைக்காரங்க கைக்குக் கிடைச்சது நாட்டுத் துப்பாக்கி. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்துல இருந்த கல்வராயன் மலைப்பக்கம் போலீஸ் இன்னும் பறிமுதல் பண்ணிட்டுத்தான் இருக்கு. அதுக்கு காலிபரே கிடையாது. வாய் வழியா மருந்தைக் கெட்டிச்சு, பால்ரஸ் குண்டைப் போட்டு, ஒரு நம்பிக்கையில சுடுறது. முன்னாடியும் போகும், சில நேரம் சுட்டவன் கையிலயே வெடிக்கும்.

11/
1972 வனவிலங்குச் சட்டமும் அதோட 1991 திருத்தமும் வந்ததோட இந்தியாவுல வேட்டைக் கதை முடிஞ்சது. கடமானைச் சுட்டா ஜெயில். ஆனா குண்டடி முடியல. அதனால மூணே விசயம்:

• வெளிய சின்ன ஓட்டைதானேன்னு விடாதீங்க. குண்டு நெஞ்சு, வயிறு வரை போயிருக்கும்.
• வீட்ல நோண்டி எடுக்காதீங்க. சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சு 108 கூப்பிடுங்க. டெட்டனஸ் ஊசி முக்கியம்.
• கேஸ் வரும்னு பயந்து ஒளிச்சு வைக்காதீங்க. போலீசுக்குச் சொல்றது எங்க கடமைதான். ஆனா முதல்ல உயிர், அப்புறம்தான் பேப்பர்னு உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்குல 1989-லேயே சொல்லிடுச்சு. எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்ப முடியாது.

மலைப்பக்கம் சொந்தக்காரங்க இருந்தா கடைசி மூணு வரியையாவது அனுப்பி வைங்க.