கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் மார்க்கமற்ற மாணவனும்

தன்னுடையதல்லாத ஒரு மார்க்கத்தார் நிறுவிய கல்விக்கூடத்தில் சேர்ந்து பயில்வது உலகில் புதுமையன்று. ஆனால், எந்த மார்க்கத்தையும் ஏற்காத ஓர் இளைஞன் அத்தகைய கூடத்திற்குள் அடியெடுத்து வைக்கும்போது, அவனை எங்ஙனம் நடத்துவது என்னும் வினா எழுகிறது. அவனைச் சேர்த்துக்கொள்வது ஒன்று. சேர்த்துக்கொண்டபின் அவன் மனச்சான்றுக்கு இடமளிப்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றிலே நன்கு காணலாம்.

அந்நாட்டின் முதற் கத்தோலிக்கக் கல்லூரி, போட்டோமாக் ஆற்றங்கரையில் ஜான் காரல் 1789ஆம் ஆண்டில் நிறுவிய ஜார்ஜ்டவுன் ஆகும். காரல் பிறந்து வளர்ந்த மேரிலாந்தில் அக்காலத்தில் கத்தோலிக்கருக்கு வாக்குரிமை இல்லை. வெளிப்படையாக வழிபாடு நடத்தும் உரிமையும் இல்லை. ஒதுக்கப்படுதலின் வலியை அறிந்த அவர், தம் கல்லூரி பற்றிய தொடக்க அறிவிப்பிலேயே எல்லாச் சமயத்து மாணவர்க்கும் அதன் வாயில் திறந்திருக்கும் என்று எழுதினார். பாராட்டத்தக்க சொற்களே. எனினும், அன்று 'எல்லாச் சமயத்தார்' என்பது பெரும்பாலும் புரொட்டஸ்டண்டுகளையே குறித்தது. கட்டணம் செலுத்தக்கூடிய மாணவர்கள் கல்லூரிக்குத் தேவைப்பட்டார்கள் என்பதும் உண்மையே. கொள்கையும் தேவையும் அங்கே கைகோத்து நடந்தன.

உள்ளே வந்தவர்க்கு இருந்த நிபந்தனையையும் சொல்ல வேண்டும். பிற சமயத்தாரும் சேரலாம், ஆயினும் ஒழுங்கு கருதி அனைவரும் பொது வழிபாட்டில் அமைதியாக வந்து அமர வேண்டும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கத்தோலிக்கக் கல்லூரிகளின் பொதுவான வழக்கம். நம்ப வேண்டியதில்லை; வந்து உட்கார்ந்தால் போதும்! உள்ளத்தை விட்டுவிட்டு உடலை மட்டும் கோரும் இந்த ஏற்பாடு இருசாராருக்கும் நன்மை செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இனி, பாஸ்டன் நகரை அடுத்த சார்லஸ்டவுனுக்கு வருவோம். அங்கே உர்சுலைன் கன்னியர் ஒரு பெண்கள் பள்ளியை நடத்திவந்தனர். அதிற் பயின்றோரில் பெரும்பாலோர் செல்வப் புரொட்டஸ்டண்டுக் குடும்பத்துப் பெண்மக்கள். மடத்திற்குள் ஒரு கன்னி அடைத்துவைக்கப்பட்டிருக்கிறாள் என்ற வதந்தியும், நம் பிள்ளைகளை மதம் மாற்றிவிடுவார்கள் என்ற அச்சமும் ஊரெங்கும் பரவின. 1834 ஆகஸ்டு 11ஆம் நாள் இரவு ஒரு கும்பல் திரண்டு வந்து அம்மடத்தைக் கொளுத்திற்று. மாணவியர் உயிர் தப்பினர். மாசச்சூசெட்ஸ் சட்டமன்றமோ இழப்பீடு வழங்க மறுத்துவிட்டது.

அப்போது பாஸ்டன் ஆயராக இருந்தவர் பெனடிக்ட் ஃபென்விக். இவர் முன்னர் ஜார்ஜ்டவுனின் தலைவராக இருந்தவர் என்பது கருதத்தக்கது. மடம் எரிந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1843இல், வூஸ்டர் நகரில் திருச்சிலுவைக் கல்லூரியை அவர் தொடங்கினார். அதில் கத்தோலிக்கருக்கு மட்டுமே இடம். திறந்த வாயிலைக் காத்த ஒருவர் அடைத்த வாயிலை அமைத்ததற்கு அந்த நெருப்பும் ஒரு காரணமாயிருந்திருக்கும் என்று எண்ணுவது மிகையாகாது. ஆனால், பட்டம் வழங்கும் உரிமை கோரியபோது, ஒரே சமயத்தாருக்குரிய கல்லூரி என்பதைக் காரணமாகக் காட்டிச் சட்டமன்றம் மறுத்தது. கத்தோலிக்க வெறுப்பும் அம்மறுப்பில் கலந்திருந்தது. 1865இல் உரிமை கிட்டும்வரை அக்கல்லூரி மாணவர்களுக்கு ஜார்ஜ்டவுனே பட்டம் வழங்கிற்று. இதற்கிடையில், 1863இல் பாஸ்டன் கல்லூரி தன் சாசனத்தைப் பெற்றது. சமயக் கருத்தின் காரணமாக எவருக்கும் சேர்க்கையோ பட்டமோ மறுக்கலாகாது என்னும் விதி அச்சாசனத்திலேயே இடம்பெற்றது.

இருபதாம் நூற்றாண்டில் அரசுப் பணமும் இவ்வாயிலை அகலமாக்கியது. போர்வீரர் கல்விக்கென 1944இல் இயற்றப்பட்ட சட்டத்தின் உதவியைக் கத்தோலிக்கக் கல்லூரிகளிலும் பயன்படுத்த முடிந்தது. சமயச் சார்புடைய கல்லூரிகளின் கட்டடங்களுக்கு அரசு மானியம் செல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்தது. எனினும் அக்கட்டடங்களை வழிபாட்டுக்கோ சமயப் போதனைக்கோ பயன்படுத்தலாகாது.

திருச்சபையின் உள்ளிருந்தும் மாற்றம் வந்தது. சமயச் சுதந்திரம் பற்றி எழுதியதற்காக 1950களில் மேலிடத்தாரால் வாய்மூடச் செய்யப்பட்டவர், மேரிலாந்தில் இறையியல் கற்பித்த இயேசு சபைத் துறவி ஜான் கோர்ட்னி மர்ரி. அதே மர்ரியின் பங்களிப்போடு, 1965 டிசம்பர் 7 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், சமயக் காரியத்தில் எவரையும் மனச்சான்றுக்கு மாறாக நடக்க வற்புறுத்தலாகாது என்று அறிவித்தது. 1967இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத் தலைவர் தியடோர் ஹெஸ்பர்க் முதலியோர் விஸ்கான்சினில் கூடி, கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திற்குத் தன்னாட்சியும் ஆய்வுரிமையும் வேண்டுமென்றனர். கட்டாய வழிபாடும் அந்தப் பத்தாண்டில் பெரும்பாலும் மறைந்தது. போப் இரண்டாம் ஜான் பால் 1990இல் வெளியிட்ட சாசனம், ஆசிரியர்களில் கத்தோலிக்கர் அல்லாதார் பெரும்பான்மையாகிவிடலாகாது என்று வரம்பிட்டது; அதேவேளையில் ஒவ்வொருவரின் மனச்சான்றும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்றும் கூறிற்று.

நம் நாட்டின் நிலையை இதனோடு ஒப்புநோக்கலாம். அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்விக்கூடத்தில், மாணவரின் இசைவின்றி (சிறுவராயின் காப்பாளரின் இசைவின்றி) அவரைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யலாகாது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு கூறுகிறது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் சமய உரிமை அரசாங்கத்தையே கட்டுப்படுத்தும். தனியார் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆகவே, அங்கே மார்க்கமற்ற மாணவனுக்குப் பாதுகாப்பு நிறுவனத்தின் சொந்த வாக்குறுதியே.

அவ்வாக்குறுதி பிற மார்க்கத்தாருக்கு எளிதாகவே பலித்தது. 1999இல் ஜார்ஜ்டவுன் முழுநேர இமாம் ஒருவரை அமர்த்தியது; 2023இல் வளாகத்தில் பள்ளிவாசலையும் திறந்தது. தொழுபவனுக்குத் தொழுமிடம் கொடுக்கலாம். எங்கும் தொழாதவனுக்கு எதைக் கொடுப்பது? மறைத்து வைப்பது விடையன்று. 2009 ஏப்ரலில் அதிபர் ஒபாமா ஜார்ஜ்டவுனின் காஸ்டன் மண்டபத்தில் உரையாற்றியபோது, வெள்ளை மாளிகையின் வேண்டுகோளுக்கிணங்க மேடைமீதிருந்த இயேசுவின் பெயர்க்குறி மூடப்பட்டது. கத்தோலிக்கர் பலர் வருந்தினர், அவ்வருத்தம் நியாயமானதே. விருந்தினருக்காக வீட்டார் தம் பெயரை மறைக்க வேண்டியதில்லை.

அவனுக்கு உண்மையாகக் கிடைத்திருக்கும் இடம் வகுப்பறைதான். ஜார்ஜ்டவுனிலும் நோட்டர் டேமிலும் இளநிலை மாணவர் இறையியல் பாடங்கள் இரண்டினைப் பயின்றாக வேண்டும். ஜார்ஜ்டவுனில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு பாடத்தின் பெயரே 'இறைவன் என்னும் பிரச்சினை'. இறைவனை ஏற்காதவனும் அங்கே தன் வாதத்தை எடுத்துரைக்கலாம். வழிபாட்டுக்கு வா என்று எவரும் அவனை அழைக்கமாட்டார். ஆனால், இறையியல் படிக்காமல் பட்டம் மட்டும் பெற இயலாது.