இணைப்பியும் நூலகப் பிழைகளும்: ஒரு வரலாறு

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவிய கணினிகள் வழங்கப்பட்டன. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய இயங்குதளம். பெரம்பலூர், அரியலூர் மாணவர்களுக்கும் சி நிரலை வீட்டிலேயே எழுதிப் பார்க்க வழி பிறந்தது. அப்படித் தொடங்குவோரைத் திகைக்க வைப்பது 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்னும் பிழை. கணிதத் தலைப்புக் கோப்பைச் சேர்த்திருந்தும் சைன் சார்பைக் காணோம் என்கிறது கணினி. இதைச் சொல்வது கம்பைலர் அல்ல. அதன்பின் இயங்கும் லிங்கர் என்னும் இணைப்பி. தலைப்புக் கோப்பு வெறும் அறிவிப்பு. சார்பு இருப்பது கணித நூலகத்தில்.

'நூலகம்' என்ற சொல் இங்கே உவமையாக வந்ததன்று. கேம்பிரிட்ஜில் 1949 மே 6 அன்று முதல் நிரலை இயக்கிய எட்சாக் கணினிக்கு, துணைநிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களாக அலமாரியில் அடுக்கி வைத்திருந்தனர். வேண்டியதை எடுத்துத் தம் நிரல் நாடாவில் படியெடுத்துக்கொள்வர். துணைநிரல் நினைவகத்தில் எங்கே அமர்ந்தாலும் அதன் முகவரிகளைத் திருத்திக்கொள்ள டேவிட் வீலர் வகை செய்தார். வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951இல் இதை நூலாகவே எழுதினர்.

யூனிக்ஸ் வந்த காலத்தில் நினைவகம் மிகச் சிறியது. எனவே இணைப்பி கோப்புகளை இடமிருந்து வலமாக ஒரே முறை பார்க்கும்; அதுவரை குறைபடும் சார்புகளை மட்டும் நூலகத்திலிருந்து எடுக்கும். நூலகத்தின் பெயரை முதலில் எழுதினால் அப்போது எதுவும் குறைபடாது. அதைக் கடந்து போய்விடும், திரும்பி வராது. ஆகவே நம் கோப்பின் பெயருக்குப் பின்னரே நூலகத்தின் பெயரை எழுத வேண்டும். 2011 அக்டோபரில் வந்த உபுண்டு 11.10, பகிர்வு நூலகங்களுக்கும் இவ்வரிசையைக் கட்டாயமாக்கியதால், முன்பு ஓடிய கட்டளைகள் சில தோற்றன.

பகிர்வு நூலகம் 1980களின் பிற்பகுதியில் பரவியது. நிரல் ஓடும்போது இணைவதால் இடம் மிச்சம். ஆனால் பதிப்புச் சிக்கல் முளைத்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் பெரம்பலூருடன் சேர்ந்து, 2007இல் மீண்டும் பிரிந்தது. மனுவில் மாவட்டப் பெயரை மாற்றி மாற்றி எழுதியவர்களுக்கு இச்சிக்கல் சட்டென விளங்கும். நிரல் எந்த எண்ணுள்ள நூலகத்தைத் தேடுகிறது, எது கிடைக்கவில்லை என்பதை எல்டிடி கட்டளை காட்டும். நிரலைக் கட்டும்போதே நூலகம் இல்லை என்று வந்தால், பெரும்பாலும் 'டெவ்' என முடியும் மேம்பாட்டுப் பொதி நிறுவப்பட்டிருக்காது. பழைய எண்ணைப் புதிய நூலகத்துக்குச் சூட்டி ஏமாற்றுவோர் உண்டு. அது தவறான வழி: பழையதுடன் ஒத்துப்போகாதபடி இடைமுகம் மாறிவிட்டது என்று தெரிவிக்கவே அந்த எண்ணை மாற்றுகிறார்கள்.