மண்முனை கடந்து வரும் பெல்ட்

1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் ரப்பரையும் நூலையும் சேர்த்து ஆப்பு வடிவில் ஒரு பெல்ட் செய்தார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் அரிசி ஆலைகளில் இன்று சுழலும் வீ பெல்ட் அதன் வழித்தோன்றல். இப்போது அதன் உடல் பெரும்பாலும் செயற்கை ரப்பர், உள்ளே பொலியெஸ்டர் நூல்.

மட்டக்களப்பு நகரத்துக் கடையில் ‘பி 68’ என்று கேட்டால், மேல் அகலம் 17 மி.மீ., உட்சுற்று 68 அங்குலம் உள்ள பெல்ட்டை எடுத்துத் தருவார்கள். அதைப் படுவான்கரைக்குக் கொண்டுபோக, மண்முனையில் வாவியைக் கடக்க முன்னர் படகுப்பாதைக்குக் காத்திருக்க வேண்டும். 2014இல் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவது எளிதாயிற்று. வேளாண்மை வெட்டு முடிந்து நெல் குவியும் நாட்களில் இது சின்ன விடயமல்ல.

மில்லில் அந்தப் பெல்ட் கப்பியின் தவாளிப்புக்குள் ஆப்பாக இறுகுகிறது. 38 பாகைத் தவாளிப்பில் பிடிமானம் தட்டைப் பெல்ட்டைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே அதை முறுக்கி இழுத்துக் கட்டத் தேவையே இல்லை. ஆனாலும் வழுக்குகிறது என்றவுடன் மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி இறுக்குவதுதான் வழக்கம். அந்த இழுவை முழுவதும் பேரிங்கின் தலையில் விழுகிறது.

கணக்கைப் பாருங்கள். 10 குதிரைவலு மோட்டார், நிமிடத்துக்கு 1440 சுற்று, 150 மி.மீ. கப்பி. பெல்ட்டின் வேகம் செக்கனுக்கு 11.3 மீற்றர். வலுவை வேகத்தால் வகுத்தால், வேலை செய்யும் இழுவை 66 கிலோவுக்குச் சற்று மேல். இறுகிய பக்கம் தளர்ந்த பக்கத்தைப்போல ஐந்து மடங்கு இழுக்கிறது என்று கொண்டால், இரண்டும் சேர்ந்து தண்டை இழுப்பது சுமார் 100 கிலோ. மில்லின் வேகத்தைக் குறைக்க 100 மி.மீ. கப்பி மாட்டி, அதே வலுவைக் கேட்டால் இது 150 கிலோவாகும். சுமை ஒன்றரை மடங்கானால் குண்டு பேரிங்கின் ஆயுள் மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். கப்பி தண்டின் நுனிக்கு வெளியே தள்ளி நின்றால் பக்கத்துப் பேரிங்குக்கு இன்னும் கேடு. பி வகைப் பெல்ட்டுக்கு அவ்வளவு சின்னக் கப்பியே ஆகாது. வளைந்து வளைந்து வெடித்துவிடும்.

இறுக்கம் சரியா என்று பார்ப்பது எளிது. கப்பிகளுக்கிடையே 400 மி.மீ. பெல்ட் நீண்டு நின்றால், நடுவில் அளந்த விசையால் அழுத்தும்போது 6 மி.மீ. தாழ வேண்டும். புதுப் பெல்ட் ஓடத் தொடங்கிய ஓரிரு நாளில் சற்றுத் தளரும். அப்போது ஒருமுறை சரிசெய்தால் போதும். ஒரே கப்பியில் சேர்ந்து ஓடும் மூன்று பெல்ட்டில் ஒன்று அறுந்தாலும் மூன்றையும் மாற்ற வேண்டும். பழையவை நீண்டிருக்கும், புதியது ஒன்றே சுமையைத் தாங்கி விரைவில் அறும்.